மேல்கரையிலிருந்து இறங்கிய புள்ளி

ஐரிஸ் இலை மஞ்சளானால் எல்லோரும் முதலில் தண்ணீர் வாளியைத்தான் தேடுகிறார்கள். உங்கள் வீட்டம்மாவும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், மரெஷால்லோ. உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே வந்தேன். கிழங்கை வெங்காயம் மாதிரி மண்ணுக்குள் புதைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, காய்ந்த இலையை அடியில் மெத்தை போல விட்டுவைத்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. நீங்கள் கடற்கரைக்காரர்கள், இது மலைச்செடி. கிழங்கின் முதுகு வெயில் காய வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் சேற்றில் எருமை கிடக்குமே, முதுகு மட்டும் வெளியே தெரிய, அப்படி.

மஞ்சளிலும் வயசு மஞ்சள் உண்டு, நோய் மஞ்சள் உண்டு. ஆகஸ்டில் வெளி இலை நுனியிலிருந்து சோர்ந்து சாய்ந்தால் அது வயசு. ஓர் இழுப்பு இழுத்தால் கையோடு வந்துவிடும். நோய் அப்படி வராது. முதலில் இலை நடுவே எண்ணெய் பட்ட மாதிரி ஒரு பொட்டு விழும். பிறகு அதைச் சுற்றி மஞ்சள் வளையம். பிறகு நடு காய்ந்து சாம்பலாகி, ஓரம் துருப்பிடித்தாற்போலச் சிவக்கும். பூ முடிந்த கையோடு வேகம் பிடித்து, ஒரு பொட்டு இன்னொரு பொட்டோடு சேர்ந்து, கோடை நடுவில் இலை முழுக்கச் செத்துத் தொங்கும். இலை செத்தால், வாசனைக் கம்பெனிக்கு நாங்கள் விற்கிற கிழங்கு பெருக்காது. மூன்று வருடம் காத்திருந்து தோண்டினால் விரல் தடிமனில் ஒன்று வரும். தோலை உரித்த பிறகு அதுவும் இருக்காது.

இதையெல்லாம் இவள் எதற்குச் சொல்கிறாள் என்று பார்க்கிறீர்கள். போன இலையுதிர் காலத்திலிருந்து என் தம்பி மகன் ஈவோவை உள்ளே வைத்திருக்கிறீர்கள், அப்பனைக் கொன்றான் என்று. அடுத்த மாதம் ஃப்ளாரன்ஸில் விசாரணை. அவன் செய்யவில்லை. நல்லவன் என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் அப்படியொன்றும் நல்லவன் இல்லை. அந்த வேலை அவனுக்கு வராது. ஏன் வராது என்று புரிய வேண்டுமானால் இலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நாங்கள் வாரத்துக்கு உழுத குடும்பம். நிலத்துக்காரர்கள் நகரத்தோடு போய்விட்ட பிறகு, படிபடியாக வெட்டிய அந்த மலைச்சரிவு அப்பா கைக்கு வந்தது. சாகும்போது மேல்படியைத் தம்பி துயீலியோவுக்கும் கீழ்ப்படியை எனக்கும் பிரித்தார். ஆணுக்கு மேலே, பெண்ணுக்குக் கீழே. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மழை மேலிருந்து கீழேதான் இறங்கும் என்பது அவருக்குத் தெரியாததும் இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை இருந்தது.

எங்கள் படிகளெல்லாம் கல்லடுக்கி நிறுத்தியவை, சாந்து கிடையாது. படியின் நடுவே திராட்சையும் ஒலிவ மரமும், விளிம்போரமாகக் கல்லின் தலையில் ஐரிஸ். அழகுக்காக யாரும் அதை அங்கே வைக்கவில்லை. உழுகிற மண்ணை வீணாக்காமல் விளிம்பில் நட்டார்கள். நான் என் படியில் கொடி வரிசைக்கு அடியிலும் மேல்கரைச் சுவரோரமும்கூட நட்டேன். அதன் வேர் பாய் முடைந்த மாதிரி பின்னிக்கொண்டு கரையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இங்கே பிறந்தவர்கள் விளிம்பில் நடக்கும்போது காலைச் செடியின் மேல்தான் வைப்பார்கள். வெளியூர்க்காரன் பூவை மிதிக்கக் கூச்சப்பட்டு வெறும் மண்ணில் கால் வைப்பான், சறுக்குவான், நாங்கள் சிரிப்போம். கீழே விழாமல் இருக்க இங்கே பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான். ஐரிஸ் இருந்தால் மிதி, இல்லாவிட்டால் நகரு.

ஒரே ஒரு விலக்கு உண்டு. கிழங்கைத் தோண்டியபின் தலையை, அதாவது இலை விசிறியை, ஒரு துண்டு கிழங்கோடு நறுக்கித் தனியே வைத்திருந்து செப்டம்பரில் மறுபடி நடுவோம். அதற்கு வேர் இருக்காது. ஆனால் பார்க்க மற்றச் செடிகளைப் போலவே நிமிர்ந்து நிற்கும். அதனால் புதிதாக நட்ட இடத்தில் நாணல் குச்சி ஒன்றை ஊன்றிவிடுவது வழக்கம். ஒரு குளிர்காலம் கழிந்து வேர் பிடிக்கிறவரை அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் யாரும் கால் வைக்க மாட்டார்கள், குடித்துவிட்டு வருகிறவன்கூட. சின்ன வயதில் துயீலியோ ஒருமுறை குச்சியைப் பிடுங்கி வாள் சண்டை போட்டான். அடி வாங்கியது நான். பார்த்துக்கொள்ளவில்லையாம்.

மனைவி செத்த பிறகு துயீலியோ கரையைக் கைவிட்டான். பண்ணையில் டிராக்டர் ஓட்டப் போனான், கூலி வந்தது, தோண்டுவதும் உரிப்பதும் பெண்பிள்ளை வேலை என்றான். வேண்டாம் என்றால் செடி போய்விடாது. அது பாட்டுக்கு நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்தது. வெயில் படாமல், காற்று நுழையாமல், செத்த இலை காலடியிலேயே மட்கி நின்றது. புள்ளி வந்தது. அடுத்த வருடம் என் கரையிலும் வந்தது.

நான் நல்லபடியாகத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆண்கள் மதுக்கடை வாசலில் நிற்கும்போது போய்ச் சொன்னேன்.

"துயீலியோ, உன் கரையில இலையெல்லாம் புள்ளி விழுந்து கெடக்கு. மழைக்கு முன்னாடி வெட்டி எரிச்சிடு."

"எரிச்சிடறேன்க்கா. மொதல்ல உன்னைய, அப்புறம் இலைய."

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"உனக்கு நேரமில்லேன்னா நானே வந்து வெட்டித் தர்றேன்."

"என் கரையில கால வெச்சுப் பாரு, நாயை அவுத்து விடறேன். இலை வெட்ட வர்றவளா நீ? எல்லைக்கல்ல நகத்த வர்றவ."

எல்லைக்கல்லை நான் நகர்த்தியதில்லை. ஒருமுறை நேராக்கினேன்.

அதற்குப் பிறகுதான் அவன் அந்தக் காலைப் பழக்கத்தைத் தொடங்கினான். காப்பி குடித்து முடித்ததும் விளிம்புக்கு வருவான். என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் சற்று வலப்பக்கம். இரண்டு ஐரிஸ் குத்துகளின் மேல் இரண்டு காலையும் வைத்து நின்று, பொத்தானைக் கழற்றி, கீழே என் செடிகளின் மேல் ஒன்றுக்குப் போவான். "உரம் போடறேன்க்கா, கூலி வேணாம்" என்பான். எனக்குக் கேட்காது என்று நினைத்தால் இன்னொரு தரம் உரக்கச் சொல்வான். தினமும் அதே இடம். அவன் குதிகால் பதிந்து பதிந்து அங்கே குழியே விழுந்திருந்தது.

அது என்னைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆண்கள் அப்படித்தான். என் கவலை தெறிப்பைப் பற்றியது. மேல் இலையை நனைத்துக் கீழ் இலையில் எது விழுந்தாலும் புள்ளியும் கூடவே இறங்கும்.

என் பக்கம் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். புள்ளி விழுந்த இலையை அடிவரை வெட்டினேன். செடிக்குச் செடி கத்தியை வினிகரில் தோய்த்தேன். நெருக்கத்தைக் கலைத்தேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்தேன், திராட்சைக்குத் தெளிப்பதைப் போலவே. என் கையும் பாவாடையும் வருடம் முழுக்க நீலமாக இருந்தன. வெட்டிய இலையை எரித்தேன்.

கோடையில் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து நென்சீனி என்று ஒரு பயிர் ஆலோசகர் வந்தார். இளவயசு, சுத்தமான காலணி. இரண்டு கரையையும் நடந்து பார்த்தார். துயீலியோ அவரை விட்டான், நாயை அவிழ்க்கவில்லை.

"நோய் ரெண்டு பக்கமும் ஒண்ணுதாம்மா," என்றார். "ஆனா உங்க கரையிலதான் அதிகமா இருக்கு."

"மேலேருந்து எறங்குது இல்ல, அதான்."

"எறங்கினா மேல் ஓரத்துலதானே அதிகமா இருக்கணும்? இங்க திராட்சைக் கொடி வரிசைக்குக் கீழதான் இருக்கு." குனிந்து கொடியைத் தொட்டார். "கொடிய எதால கட்டியிருக்கீங்க? இது காஞ்ச ஐரிஸ் இலையா?"

"கயிறு."

"கொட்டாயில இன்னும் இருக்கா?"

இருந்தது. நீளமான நல்ல இலைகளை மட்டும் நான் எரிப்பதில்லை. கொட்டகையில் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டால் வசந்தத்தில் கொடி கட்ட அதைவிட நல்ல கயிறு கிடையாது. அம்மா காலத்திலிருந்து வழக்கம். ஈரத்துணியில் சுற்றிவைத்தால் தோல் மாதிரி வளையும்.

"அத்தனையும் எரிச்சிடுங்க," என்றார். "குளிர்காலம் பூரா நோய் அதுக்குள்ளதாம்மா தூங்கும். தம்பி மேல பழி போடாதீங்க. நீங்களே உங்க கையால வருசா வருசம் கட்டிவிடறீங்க."

அவருக்கு ஒரு கிளாஸ் ஒயின் கொடுத்து அனுப்பினேன். படித்தவர்கள் வந்தால் அப்படித்தான் செய்வது. செத்த இலையில் எது உயிரோடு இருக்கும்?

ஜூலையில் தோண்டினேன். மூன்று வருடக் கிழங்கு. உரிக்க வந்த பெண்கள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, வளைகத்தியால் தோலைச் சீவிவிட்டு, கையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று தேடினார்கள். ஒருத்தி, "இது பல்லு குத்தவாச்சும் ஆகுமா ஃபோஸ்கா?" என்று கேட்டாள். மற்றவர்கள் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். வாசனைக் கம்பெனிக்கு வாங்குகிறவர் நாணல் பாயிலிருந்து ஒன்றை எடுத்து முகர்ந்தார், திரும்பப் பாயிலேயே வைத்தார், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

மரெஷால்லோ, எனக்கு அந்தக் கரைதான் இருக்கிறது. பின்னால் பிள்ளை இல்லை, வேறு நிலம் இல்லை. நட்டுவிட்டு இன்னொரு மூன்று வருடம் காக்க என்னால் முடியும். அதுவும் இப்படிப் போனால் அதற்கு அடுத்த மூன்று வருடத்துக்கு என் முதுகு வராது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

செப்டம்பர் கடைசியில் திராட்சை அறுப்பு வந்தது. ஊரே பண்ணைக்குப் போனது. துயீலியோவும் ஈவோவும் விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள், நாயும் வண்டியில் ஏறிக்கொள்ளும். நான் கத்தியையும் வினிகர்க் குவளையையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவன் கரை முழுவதையும் ஒரு சாண் உயரத்துக்கு விசிறி வடிவில் வெட்டினேன். ஓரம் தாழ, நடு உயர. செத்த இலையைப் பொறுக்கிக் குவித்தேன். தபால்காரர் அந்தப் பக்கம் போனார்.

"தம்பி கரைக்கும் சேத்து நீதான் மாடா ஒழைக்கணுமா, ஃபோஸ்கா?"

"என்ன செய்ய, கூடப் பொறந்துட்டானே."

இதை அவர் உங்களிடம் சொல்லி நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், என் நல்ல குணத்துக்குச் சாட்சியாக.

சாயங்காலம் துயீலியோ பார்த்தான். மேலே நின்று, "ஓசியில வேலைக்காரி கெடச்சிருக்காடா ஈவோ" என்று சிரித்தான். மறுநாள் காலையும் வந்து, வெட்டிய செடி மேல் நின்று, செய்வதைச் செய்தான். "முடி வெட்டிவிட்டதுக்கு நன்றிக்கா."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எல்லாச் செடியும் ஒரே உயரம். வெட்டிய விசிறிகள் வரிசையாக நிற்கும்போது எது வேரோடு நிற்கிறது, எது நேற்று ஊன்றியது என்று பிறந்ததிலிருந்து இங்கே இருக்கிறவனுக்கும் தெரியாது. ஊன்றிய செடி லேசாக மஞ்சளிக்கும். ஆனால் அந்தக் கரையில் எதுதான் மஞ்சளிக்கவில்லை?

அன்று அவர்கள் போனதும் மறுபடி மேலே போனேன். அவன் நிற்கிற இடத்தில் நோய் அதிகம் என்று எனக்குப் பட்டது. அதனால் அங்கே தோண்டினேன். பாய் பாயாக எடுத்தேன், வருடக்கணக்கில் யாரும் தொடாத கிழங்கு, என் கிழங்கைவிடப் பெரியது. தலையை நறுக்கினேன். நோய்ப்பட்ட மண்ணை வாரினேன். மண் போனதும் அடியில் இருந்த கட்டுக்கற்கள் பிடிப்பில்லாமல் நின்றன. பிடிப்பில்லாத கல்லை விட்டுவைப்பது ஆபத்து, எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் காய்ந்த கொடிக்குச்சிகளைக் குறுக்காகப் பரப்பி, மேலே பொலபொலவென்று மண் தூவி, தலைகளை முன்பு இருந்த இடைவெளியிலேயே நட்டேன். கிழங்கின் முதுகு வெளியே தெரிய நட்டேன். குதிகால் குழியையும் கையால் அமுக்கி அதே இடத்தில் வைத்தேன். வேலை என்று ஒன்றைத் தொட்டால் முழுசாகச் செய்ய வேண்டும்.

நாணல் குச்சியையும் கொண்டுபோயிருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கையிலேயே வைத்திருந்தேன். வீட்டுக்குத் திரும்பி வந்தபோதும் கையில்தான் இருந்தது.

கிழங்கு ஊறவைக்கும் கல்தொட்டியை முந்தின வாரமே மேல்கரைக்கு அடியில் நகர்த்தியாகிவிட்டது. நிழலுக்காக என்று அன்று உங்களிடம் சொன்னேன். அந்த இடத்தில் நிழல் கிடையாது. நீங்கள் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை நான் என் கரையில் புதிதாக நட்ட தலைகளில் இலை வெட்டிக்கொண்டிருந்தேன். அவன் காப்பி வாசனையோடு வந்தான்.

"என்னக்கா, இன்னிக்கு மேல வரலியா? வேலைக்காரிக்கு லீவா?"

"வந்து பாக்கறேன், நீ மொதல்ல உன் வேலைய முடி" என்றேன்.

இரண்டு காலையும் வழக்கமான இடத்தில் வைத்தான். கரை பெரிய சத்தம் போடவில்லை. மாவு மூட்டை சரிகிற சத்தம், அதன் பின்னால் கல், அதன் பின்னால் அவன். முதுகு தொட்டியின் விளிம்பில் பட்டது. இடுப்புக்குக் கீழே கல் மூடியிருந்தது. கண் திறந்திருந்தது.

"அக்கா," என்றான். "ஈவோவக் கூப்பிடு."

ஈவோ அன்று அவனுக்கு முன்பே நாயோடு பண்ணைக்குப் போய்விட்டிருந்தான். நான் அதைச் சொன்னேன்.

"தண்ணியாச்சும் குடுக்கா."

மரெஷால்லோ, நான் ஒரு வரிசையின் நடுவில் இருந்தேன். நடுவில் விட்டுப் போனால் எதை வெட்டினோம், எதை விட்டோம், கத்தியைத் தோய்த்தோமா இல்லையா என்று தெரியாமல் போகும். வேலையெல்லாம் வீண். "வரிசைய முடிச்சுட்டு வர்றேன்" என்றேன். முடித்தேன். அதை அடுத்த வரிசை சின்னது, அதையும் முடித்தேன். அவன் கொஞ்ச நேரம் திட்டினான். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டான். அம்மா செத்து எத்தனையோ காலம். மதியத்துக்கு மேல் கூப்பிடுவது நின்றது. போய்ப் பார்த்தேன். அவன் கண் மேலே கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, குச்சி எங்கே என்று தேடுகிற மாதிரி.

அன்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள், சத்தம் கேட்டதா என்று. இலை எரித்துக்கொண்டிருந்தேன் என்றேன். அது பொய் இல்லை. சாயங்காலம் எரித்தேன்.

ஈவோ மேல் உங்களுக்கு ஏன் சந்தேகம் வந்தது என்று எனக்குத் தெரியும். நிலத்தை மிலானிலிருந்து வந்த பல் டாக்டருக்கு விற்கச் சொல்லி அப்பனோடு சண்டை போட்டான். "ஒரு நாள் இந்தக் கரையோட சேந்து கீழ போகப்போற கெழவா, நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்" என்று மதுக்கடையில் கத்தினான். கரை போனது, தோண்டிய அடையாளம் இருந்தது, குச்சி இல்லை. அப்பன் தோண்டவில்லை, மகன் தோண்டியிருக்க வேண்டும். கடற்கரைக்காரருக்கு அது போதும். உங்கள் ஆட்கள் எடுத்த படங்களை மறுபடி பாருங்கள். மண்ணோடு விழுந்த தலைகளில் கிழங்கின் வெட்டு ஒரே வீச்சில் நேராக இருக்கும். ஈவோ வெட்டினால் எலி கடித்த மாதிரி இருக்கும். நடச் சொன்னால் உங்கள் வீட்டம்மா மாதிரி புதைப்பான். அந்த வேலையை அவன் செய்தான் என்று ஊரில் நாலு பேர் சொல்வதைக் கேட்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அப்படியானால் ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்பீர்கள். குளிர்காலம்தான் கரையைச் சுத்தம் செய்கிற காலம். ஈவோ வெளியே இருந்தால் என்னை மேலே விடமாட்டான். அப்பனைப் போல நாயை அவிழ்ப்பான், அல்லது பல் டாக்டரைக் கூட்டிவருவான். நாய் இப்போது என்னிடம் இருக்கிறது, சாதுவான நாய்தான்.

சிறையில் அவனை ஒருமுறை போய்ப் பார்த்தேன். உப்பில்லாத நம்ம ரொட்டியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் கொண்டுபோனேன். தொடவில்லை.

"அத்தை, நான் தோண்டலை. நீ கீழதானே இருந்தே, பாத்திருப்பியே. யாரு வந்தான்னு சொல்லேன்."

"கரையப் பத்திக் கவலைப்படாதேடா. நான் பாத்துக்கறேன்."

"கரை எவனுக்கு வேணும் அத்தை? அப்பா செத்துட்டாரு. என்னைய ஆயுசுக்கும் உள்ள வெச்சுடுவாங்க."

கரை எவனுக்கு வேண்டும் என்று கேட்கிறவனிடம் என்ன பேசுவது? அதற்குப் பிறகு நான் போகவில்லை.

குளிர்காலம் முழுக்க மேல்கரையில்தான் இருந்தேன். ஒரு செடி விடவில்லை. எல்லாவற்றையும் தோண்டி, கிழங்கு, இலை, வேர் எல்லாவற்றையும் எரித்தேன். அந்த இடத்தில் தோண்டிய பெரிய கிழங்குகளை மட்டும் முன்பே உரித்துக் காயவைத்திருந்தேன். காலம் தப்பிய வேலைதான், காய வெகுநாள் பிடித்தது, ஆனாலும் வாசனை வந்தது. வீணாக்கக் கூடாது. சரிந்த கல்லை மறுபடி அடுக்கினேன். சுண்ணாம்பு தூவினேன். விளிம்பு நெடுக நாணல் குச்சி ஊன்றியிருக்கிறேன், ஓர் இடம் விடாமல். யாரும் தெரியாமல் கால் வைத்து விழுந்துவிடக் கூடாது.

வேலை முடிந்தது, வந்துவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். என் தம்பி துயீலியோவை நான்தான் கொன்றேன், ஃபோஸ்கா. கரையைத் தோண்டினேன், கல்லை உருவினேன், குச்சியை வைக்கவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. கோபத்தில் செய்யவில்லை. கோபத்தில் செய்திருந்தால் வெட்டு அவ்வளவு நேராக வந்திருக்காது. அவன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. இலையில் புள்ளி வந்தால் எவ்வளவு அடிவரை வெட்ட வேண்டுமோ அவ்வளவு அடிவரை வெட்ட வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான். ஈவோவை விட்டுவிடுங்கள். வீட்டில் சாவி வழக்கமான இடத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று இருக்கிறது. உங்கள் எழுத்தில் வர வேண்டியதில்லை, ஆனால் மனதில் கிடக்கிறது. போன வாரம் என் கரையில் முதல் இலை. எண்ணெய் பட்ட மாதிரி ஒரு பொட்டு. மறுநாள் பக்கத்துச் செடியில். புதிதாகக் கொடி கட்டிய வரிசைக்கு அடியில்தான் வந்திருக்கிறது, போன வருடம் போலவே. நேற்று எண்ணவே முடியவில்லை. மேலே ஒரு செடி கிடையாது, ஒரு இலை கிடையாது, எல்லாம் சாம்பல். அப்படியானால் மேலிருந்து வரவில்லை. கரையிலேயே உட்கார்ந்து யோசித்தேன். இப்போது காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது. கிழக்கே செத்திமியா வீடு. கோழி வளர்க்கிற விதவை, உங்களுக்கும் முட்டை தருகிறவள்தான். அவள் வேலியோரம் ஒரு வரிசை ஐரிஸ் இருக்கிறது, புருஷன் நட்டது, அவன் போன பிறகு ஒரு இலைகூட வெட்டியதில்லை. போய்ச் சொன்னேன். "பூத்தா பூக்கட்டும், செத்தா சாகட்டும், உனக்கென்னடி" என்று கோழித் தீவனத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். சிரித்தாள் வேறு.

எல்லாம் எழுதியாயிற்றா? எங்கே கையெழுத்து வைக்க வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம், மரெஷால்லோ. மேற்கே மேகம் கட்டுகிறது. மழைக்கு முன்னால் செத்திமியாவிடம் இன்னொரு தரம் நல்லபடியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.